காஹல் டெவேனை வாசலில் இறக்கிவிட்ட வருடம்

5 மார்ச் 2019, செவ்வாய்

இன்றும் சினிமா ஸ்டூடியோ வாசலில் போராட்டக்காரர்கள் பன்னிரண்டு பேர். மழையில் அட்டைகள் நனைந்து, எழுத்தெல்லாம் வழிந்து, என்ன கேட்கிறார்கள் என்றே வாசிக்க முடியவில்லை. எங்கள் விக்லோவில் மழை பெய்யும் என்பது இவர்களுக்குப் புதுச் செய்தி போலிருக்கிறது. அட்டைக்கு ஒரு பிளாஸ்டிக் உறை போடத் தெரியாதவர்கள்தான் உரிமையை வாங்கித் தரப்போகிறார்களாம்.

மலாக்கி ப்ரோஃபி ஒலிபெருக்கியோடு நின்றான். பூச்சு வேலைக்காரன். இருபத்திரண்டு வருடமாகக் காஹல் டெவேன் தயாரிக்கும் படங்களுக்குக் கோட்டைச் சுவரும் குகையும் பூசியவன். போன வருடம் "எங்கள் முதலாளி யார் என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று கடிதம் எழுதினான். அதில் கையெழுத்துப் போட்ட ஒருவரையும் இந்தப் படத்துக்குக் கூப்பிடவில்லை. வேறென்ன எதிர்பார்த்தார்கள், பூங்கொத்தா?

கார் உள்ளே திரும்பும்போது கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்து கத்தினான்: "மகாராணி வர்றாங்க, வழி விடுங்கடா!"

பின் சீட்டிலிருந்து காஹல் சிரித்தான். "உனக்கும் ரசிகர்கள் இருக்காங்க, ப்ரோனா."

நான் சிரிக்கவில்லை. அவனுக்குக் கார் ஓட்டும் இந்தப் பத்தொன்பது வருடத்தில் அவன் சொன்ன எதற்கும் நான் சிரித்ததில்லை. அதனால்தான் என்னை வைத்திருக்கிறானோ என்னவோ. ஸ்டியரிங் சிரித்தால் யாருக்குப் பிடிக்கும்?

வீட்டுக்கு வந்து, தவக்காலத்துக்கு முந்திய நாள் வழக்கப்படி பான்கேக். எலுமிச்சம்பழம் வாங்க மறந்துவிட்டேன். வெறும் சர்க்கரை.

6 மார்ச், புதன்

காஹல் நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்து ஏறினான். சாம்பல் புதன், அவன் ஊர் டால்கி கோயிலில் ஏழரை மணிப் பூசை. பாதிரியார் கொஞ்சம் தாராளமாகவே அப்பியிருக்கிறார்.

கார் நெடுஞ்சாலை ஏறுவதற்குள் போன். யாரோ வக்கீல். "இதுல என்னங்க பயம்? படம் முடிஞ்சதும் கம்பெனியைக் கலைச்சிடுவோம். இல்லாத கம்பெனி மேல எவன் கேஸ் போடுவான்? செத்தவனை எழுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க."

நெற்றியில் சாம்பலோடு சொல்கிறான்!

பிறகு அதே குரலில், "ப்ரோனா, ஹீட்டரைக் கொஞ்சம் கூட்டேன்."

கூட்டினேன்.

11 மார்ச்

வாசலில் ஏழு பேர். மீதி ஐந்து பேருக்குச் சளி பிடித்திருக்கும்.

20 மார்ச், புதன்

மீன் வறுவல் கடை வரிசையில் மலாக்கி எனக்குப் பின்னால் நின்றான். உடம்பெல்லாம் ஈரக் கம்பளி நாற்றம்.

"ஒண்ணு கேக்கவா, ப்ரோனா?"

"வேண்டாம்னா விடவா போற?"

"நீ எந்தக் கம்பெனியில வேலை பாக்குற?"

"காஹல்கிட்ட."

"அது ஆளு. கம்பெனி பேரு?"

யோசித்தேன். காஹல் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக ஒரு கம்பெனி ஆரம்பிப்பான். அதே அலுவலகம், அதே கெட்டில், அதே நாற்காலிகள், கதவில் மட்டும் வேறு பெயர். அந்தப் பெயரைப் படிக்க நான் ஒருநாளும் கண்ணைத் தூக்கியதில்லை.

"இப்போ நடக்கிறது பார்னபி பிக்சர்ஸ்," என்றான் மலாக்கி. "பார்னபி யாருன்னு தெரியுமா?"

தெரியும். காஹலின் ஸ்பேனியல். என் காரில் வாந்தி எடுத்த நாய்.

"நீ நாய்கிட்ட வேலை பாக்குற தாயி," என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவைக்குத் தானே விழுந்து விழுந்து சிரித்தான். கடையே திரும்பிப் பார்த்தது. இவனோடு நிற்பதைவிடப் பட்டினி கிடக்கலாம் போலிருந்தது. ஆனாலும் கருவாடு மாதிரி ஆறிப்போன மீனைக் காரில் வைத்துத் தின்றபடி அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2 ஏப்ரல், செவ்வாய்

சினிமாத் தொழிலாளர்களின் பெரிய சங்கத்தின் கூட்டம். பத்தொன்பது வருடச் சந்தாவுக்கு ஒரு கூட்டமாவது பார்ப்போம் என்று போனேன். ஹோட்டல் அறை. ஸ்கோன், கிரீம், மூன்று விதமான ஜாம்.

சங்கத்தின் செயலாளர் ஃபின்டன் க்வேல் ஒன்றேகால் மணி நேரம் பேசினார். "இது சிக்கலான விஷயம்" பதினோரு தடவை. "பேச்சுவார்த்தைக் கதவு திறந்தே இருக்கு" ஆறு தடவை. வாசலில் நிற்கிறவர்கள் சின்னச் சங்கத்துக்காரர்களாம், அவசரக்காரர்களாம், தொழிலின் பெயரைக் கெடுக்கிறார்களாம்.

பின்வரிசையில் ஒரு மின் பணியாளர் எழுந்து, "ஐயா, தயாரிப்பாளர்களோட நீங்க போட்ட ஒப்பந்தத்துல எங்க சர்வீஸ் ஒரு படத்துலேர்ந்து அடுத்த படத்துக்கு எங்கயாச்சும் தொடருதா?" என்று கேட்டார்.

"நல்ல கேள்வி," என்றார் ஃபின்டன். பிறகு ஸ்கோன் எடுத்துக்கொண்டார்.

நெக்டையில் ஜாம் சிந்தியிருந்தது. யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

10 ஏப்ரல், புதன்

காஹலின் அலுவலகத்தில் ஒரு காகிதம் கொடுத்தார்கள். நான் "என் சொந்த முடிவில்" சுயதொழில் செய்கிறேனாம். முந்தைய எந்தக் கம்பெனியோடும் எனக்கு எந்தத் தொடர்பும் இல்லையாம். எனக்கு "வேறு பல வாடிக்கையாளர்கள்" இருக்கிறார்களாம்.

இதே மாதிரிக் காகிதங்களில் முன்பு எத்தனை தடவை கையெழுத்துப் போட்டேன்? ஒவ்வொரு படத்துக்கும் ஒன்று. ஒன்றைக்கூடப் படித்ததில்லை. கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பானெட் மேல் வைத்துக் கிறுக்கிக் கொடுத்திருக்கிறேன். வாசலில் நிற்பவர்களை முட்டாள் என்கிறவள் நான்.

இந்தக் காரைக்கூட அவன் சொல்லித்தான் வாங்கினேன். "ஏழு சீட், கறுப்பு நிறம், தோல் இருக்கை."

12 ஏப்ரல், வெள்ளி

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலையில் டால்கியிலிருந்து கிளம்பியதுமே கேட்டான்: "அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டாச்சா? சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்."

"ஒரு சந்தேகம், காஹல். எனக்கு வேற வாடிக்கையாளர்கள் இருக்காங்கன்னு போட்டிருக்கு. யாரு அது?"

போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தான். "ஞாயித்துக்கிழமை உங்க அக்காவைப் பூசைக்குக் கூட்டிட்டுப் போறேல்ல? அதுதான்."

"பத்தொன்பது வருஷம் உங்களைத்தானே ஓட்டிட்டிருக்கேன்?"

"அதெல்லாம் வேற வேற கம்பெனி, ப்ரோனா. குழப்பிக்காதே. நீ உன் சொந்த முதலாளி. எங்களை மாதிரி. சந்தோஷப்படு."

அப்புறம் முப்பது கிலோமீட்டர் ஓட்டினேன். கோபமா? இல்லை. என்னவென்று தெரியவில்லை. என் அக்காவின் நினைவாகவே இருந்தது. மூட்டு வலியோடு முன் சீட்டில் ஏறி உட்கார அவளுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அவளைப் போய் என் வாடிக்கையாளர் என்கிறானே பாவி—

ஸ்டூடியோ வாசலுக்கு முன்னால், சாலையிலேயே நிறுத்தினேன். ஒன்பது பேர் நின்றார்கள். நல்ல மழை.

"என்ன, டயரா?"

"இறங்குங்க, காஹல்."

"என்ன?"

"இது என் கார். நான் என் சொந்த முதலாளி. இதுக்கு மேல இந்த சவாரியை நான் எடுக்கல. சுயதொழில்காரிக்கு அந்த உரிமை உண்டு. உங்க பேப்பர்ல மூணாவது பத்தி."

உட்கார்ந்தபடியே கண்ணாடியில் என்னைப் பார்த்தான். முதல் தடவையாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். பிறகு இறங்கினான். வாசலிலிருந்து அலுவலகம் வரை முந்நூறு மீட்டர். மெல்லிய இத்தாலியச் செருப்பு. சேறு.

மலாக்கி ஒலிபெருக்கியை வாயருகே கொண்டுபோனான். பிறகு என்ன தோன்றியதோ, இறக்கிவிட்டான். ஒன்பது பேரும் சத்தமில்லாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவன் நடந்து போனான்.

நான் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது மணி பதினொன்று. பகலில் என் சமையலறை இப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

15 ஏப்ரல், திங்கள்

போன் வரவில்லை.

17 ஏப்ரல்

கோல்ம் என் இடத்தில் ஓட்டுகிறானாம். நானே கியர் போடக் கற்றுக்கொடுத்தவன். "குடும்பம் இருக்கு ப்ரோனா, புரிஞ்சுக்கோ" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். புரிகிறது, கோல்ம். புரியாமல் என்ன? எனக்கு மட்டும் சோறு மரத்தில் காய்க்கிறதா?

7 மே, செவ்வாய்

சின்னச் சங்கத்தில் சேர்ந்தேன். அலுவலகம் என்பது ஒரு முடிதிருத்தும் கடையின் மாடி. ஸ்கோன் இல்லை. டீயும் தண்ணீர்தான்.

தாங்கள் சுயதொழில்காரர்கள் அல்ல, வேலையாட்கள்தான் என்று மலாக்கியும் இன்னும் பத்துப் பேரும் காஹல் மேல் கொடுத்த வழக்கில் என் பெயரையும் சேர்த்தார்கள். "மகாராணி நம்ம பக்கம்!" என்று கத்தினான். நான் யார் பக்கமும் இல்லை, அந்த ஆளின் பக்கம் இல்லை, அவ்வளவுதான் என்றேன். அதற்கும் கைதட்டினார்கள். இந்த ஆட்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

28 ஜூன், வெள்ளி

வழக்கில் இருந்த பன்னிரண்டில் பத்து போயிற்று.

காஹல் அடுத்த படம் அறிவித்துவிட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போன். "வழக்கை விட்டுட்டு வா, இருபது வாரம் வேலை." காலையில் தச்சர்கள் நான்கு பேர், மதியத்துக்குள் மீதி ஆறு பேர். ஒருவன் மன்னிப்புக் கேட்டு எனக்கு ஒரு கேக் கொண்டுவந்தான். அதையும் வீட்டு வாசலிலேயே வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன். காய்ந்த கேக்.

மலாக்கிக்கும் போன் வந்ததாம்.

"என்ன சொன்ன?"

"ராங் நம்பர்னு சொன்னேன்."

ஆக, நானும் அவனும். உலகத்தில் எத்தனையோ மனிதர்கள் இருக்க, மிஞ்சியது இவனா!

9 ஜூலை, செவ்வாய்

விசாரணை. மலாக்கியின் வேன் பழுது. டப்ளின் வரை என் காரில்தான் வந்தான். வழியெல்லாம் முட்டை சாண்ட்விச். தோல் இருக்கையில் முட்டை. கண்ணாடியை இறக்கிவிட்டே ஓட்டினேன்.

சின்ன அறை, நீள மேசை, விசாரணை அதிகாரி ஒரு அம்மாள். எதிரே காஹல். என்னைப் பார்த்துத் தலையசைத்தான், ஏதோ கல்யாண வீட்டில் பார்த்தது போல. அவன் பக்கத்தில் வெள்ளைக் காலர் வைத்த வக்கீல், அவர்தான் என்னைக் கேள்வி கேட்டார்.

"மிஸ் ஹாக்கெட், வாகனம் உங்களுடையதுதானே?"

"ஆமா."

"வேலையை மறுக்கிற சுதந்திரம் உங்களுக்கு இருந்ததுல்ல?"

"இருந்துச்சு. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவை மறுத்தேன்."

"பாத்தீங்களா—"

"அதுக்கப்புறம் அவர் கூப்பிடவே இல்ல."

வக்கீல் காகிதத்தைப் புரட்டினார். அதிகாரி அம்மாள் எதையோ எழுதிக்கொண்டார். பிறகு சாம்பல் புதன்கிழமை காரில் கேட்டதைச் சொன்னேன், வார்த்தைக்கு வார்த்தை. செத்தவனை எழுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க என்று சொன்னது வரைக்கும்.

காஹல் மெதுவாகத் தலையாட்டினான். "அப்படிச் சொன்னதா எனக்கு நினைவில்ல. கார்ல நான் தனியாதான் இருந்தேன்."

சொல்லி முடித்ததும்தான் அவனுக்கே உறைத்தது. அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்போ காரை ஓட்டினது யாரு, மிஸ்டர் டெவேன்?" என்று கேட்டார்.

மலாக்கியின் முறை வந்தபோது அவன் சொதப்புவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. இருபத்திரண்டு வருடம் பூசிய ஒவ்வொரு சுவரையும் வரிசையாகச் சொன்னான். எந்தப் படம், எந்தக் கொட்டகை, யார் மேஸ்திரி, யார் வந்து பார்த்து "நல்லாருக்கு மலாக்கி" என்று சொன்னது. ஒவ்வொரு தடவையும் அப்படிச் சொன்னது ஒரே ஆள், காஹல். இத்தனையையும் மலாக்கி சொன்னது கையில் துண்டுச்சீட்டுகூட இல்லாமல்.

வரும்போது சாண்ட்விச் இல்லை. தூங்கிக்கொண்டே வந்தான்.

30 செப்டம்பர், திங்கள்

தீர்ப்பு தபாலில் வந்தது. பதினான்கு பக்கம். நான் சுயதொழில்காரி அல்லவாம், வேலையாள்தானாம். மலாக்கியும். நன்றாகத்தான் எழுதியிருக்கிறார் அந்த அம்மாள்.

பதிமூன்றாம் பக்கத்தில்: எனக்குப் பொறுப்பான முதலாளி பார்னபி பிக்சர்ஸ், மலாக்கிக்கு அதற்கு முந்திய படத்தின் கம்பெனி. பதினான்காம் பக்கத்தில்: மேற்படி நிறுவனங்களில் ஒன்று ஜூலை மாதமும் மற்றது அதற்கு முன்பேயும் கலைக்கப்பட்டுவிட்டன, ஆகவே வேலையைத் திருப்பித் தரும்படி உத்தரவிட ஆள் இல்லை.

இரண்டு பக்கத்தையும் மாற்றி மாற்றிப் படித்தேன். கல்யாணம் செல்லும், மாப்பிள்ளை செத்துவிட்டான்.

மலாக்கிக்குப் போன் போட்டேன். "ஜெயிச்சுட்டோம்," என்றான்.

"என்னத்தை ஜெயிச்சோம், முட்டாளே?"

"வேலையாளுன்னு எழுதியிருக்கில்ல. அடுத்தவன் கேஸுக்கு இதைக் காட்டலாம்."

"அடுத்தவன் உனக்காக நின்னானா?"

"இல்ல," என்றான். "அதுக்கு என்ன இப்போ?"

3 அக்டோபர்

"உறுப்பினர்களுக்குக் கிடைத்த வரலாற்று வெற்றி" என்று பெரிய சங்கம் அறிக்கை விட்டிருக்கிறது. ஃபின்டன் க்வேல் படத்தோடு. நெக்டை புதுசு.

14 அக்டோபர், திங்கள்

பஸ் கம்பெனியில் சேர்ந்தேன். ஆர்க்லோ வழித்தடம். வரவேற்பு மேசைப் பெண் ஒரு ஒப்பந்தம் நீட்டினாள். அவளை நிற்கவைத்து எல்லாப் பக்கத்தையும் படித்தேன். பெருமூச்சு விட்டாள். விடட்டும்.

14 நவம்பர், வியாழன்

காய்ச்சல். விடியற்காலையிலேயே டெப்போவுக்குப் போன் செய்தேன். வர முடியாது என்று சொல்லும்போது திருடியவள் போல் குரல் வந்தது.

"நீ படு," என்றாள் மேற்பார்வையாளர். "உன் பஸ்ஸை வேற ஆள் எடுப்பாங்க. சம்பளம் ஒண்ணும் பிடிக்கமாட்டாங்க."

"நாளைக்கு நான் வந்தா என் பஸ் இருக்குமா?" இதையே மூன்று தடவை கேட்டுவிட்டேன்.

"இருக்கும்மா. உன் பஸ்தானே. ஏன் மூணு தடவை கேக்குற?"

மத்தியானம் மலாக்கி வந்தான், அக்கா சொன்னாளாம். இப்போது நிஜ வீடுகளுக்குப் பூச்சு வேலை செய்கிறான். "தட்டினா சத்தம் வருது ப்ரோனா, நிஜச் செங்கல்," என்று ஒரு மணி நேரம் அதையே பேசினான். லீக்ஸ் வெங்காயத்தாளில் சூப் வைத்துக் கொண்டுவந்திருந்தான். ஒரு பெரிய பாத்திரம் நிறைய.

உப்பு அதிகம். நான் சொல்லவில்லை. இரண்டு கிண்ணம் குடித்தேன்.