நன்றியில் வந்த பெயர்

1980 மார்ச் 11, சென்னை

முளைக்கவில்லை. மூன்றாவது தட்டும் போயிற்று. ஈரத் துணி, இருட்டறை, மிதமான சூடு, எல்லாம் சரியாகத்தான் வைத்தேன். ஊறி, புளித்து, நாறியதே தவிர ஒரு மணிகூட வேர் விடவில்லை. தை மாதம் ஜீப்பின் பின்னால் தொங்கிக்கொண்டு ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டுக்குப் போய் நானே கேட்டு வாங்கி வந்த சாமை. தண்டு சிவப்பாக வரும் சாதி, அந்த மலையில் மட்டும் போடுவது.

எனக்கு வேண்டியது வெளிச்சம் படாமல் வளர்ந்த நாற்று. அதிலிருந்துதான் டி.என்.ஏ. சுத்தமாக வரும். வந்தால்தான், இந்தச் சிவப்புச் சாமையில் மற்றச் சாமையில் இல்லாத மரபணு ஒன்று இருக்கிறது என்று நான் இரண்டு வருஷமாகக் கத்திக்கொண்டிருப்பது உண்மையா, பிரமையா என்று தெரியும்.

பேராசிரியர் பாண்டுரங்கன் எட்டிப் பார்த்து, "என்ன சகுந்தலா, இன்னும் பிரசவம் ஆகலையா?" என்றார். ஆய்வு மாணவன் கண்ணாயிரம் குனிந்துகொண்டு சிரித்தான். நல்லா சிரிங்கடா.

மார்ச் 13

என் பெயரில் இதுவரை ஆறு கட்டுரைகள். ஆறிலும் பாண்டுரங்கன் முதலில், நான் பின்னால். "சாமை பேப்பர்ல உன் பேர்தான் முதல்ல" என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அப்படி ஒன்றாவது இல்லாமல் விரிவுரையாளர் வேலைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஃபெலோஷிப் அடுத்த வருஷத்தோடு சரி. அப்புறம்? கலசப்பாக்கத்தில் அம்மாவோடு நெல் காயவைக்கலாம். அம்மாவுக்கு அதில் ஆட்சேபணை இருக்காது. "புல்லுக்குப் போயி இம்மாம் படிப்பா?" என்று கேட்டவள்.

மறுபடி மலைக்குப் போகிறேன். விதையில் என்ன கோளாறு என்று தெரிந்தாக வேண்டும்.

ஏப்ரல் 4, புதூர்நாடு

அவித்த சாமை! அவித்ததைக் கொடுத்திருக்கிறார்கள் எனக்கு!

கொடுத்தவள் பாஞ்சாலை. அவளும் புருஷன் அர்ச்சுனனும் கொல்லையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். முளைக்கவில்லை என்றதும் பாஞ்சாலை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அது எப்டிம்மா மொளைக்கும்? அவிச்சுக் காயவெச்சது. குத்திக் கஞ்சி காய்ச்சறதுக்கு."

"நான் வெதைன்னுதானே கேட்டேன்?"

"கேட்டீங்க. வெதக்கூடைக்குப் பூசை போட்டுத் தொறக்கற வரைக்கும் ஒரு மணி வூட்ட வுட்டு வெளிய போவக்கூடாது. அதுக்கோசரம் வந்தவங்கள வெறுங்கையா அனுப்பறதா? பட்டணத்துக்காரங்க வெதைய வெச்சிகினு இன்னா பண்ணப் போறாங்க, கஞ்சிக்குத்தான்னு இருந்தோம்."

"சொல்லியிருக்கலாம் இல்ல?"

"மூஞ்சிக்கு நேரா இல்லன்னு எப்டிங்க சொல்றது?" என்றார் அர்ச்சுனன், ரொம்ப வருத்தமாக.

மரியாதையாம்! இவங்க மரியாதைல எனக்கு மூணு மாசம் போச்சு. கத்தினேன். இருவரும் மழைக்கு ஒதுங்கியவர்களைப் போல நான் ஓயும் வரை நின்றார்கள். பிறகு பாஞ்சாலை களி போட்டாள். பசியில் தின்றும் தொலைத்தேன். ஆனால் நானும்தான் என்ன கிழித்தேன்? ஒரு மணியை உமி நீக்கி உடைத்துப் பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 5

கூடை எப்போது திறக்கும் என்று கேட்டேன். மழை பெய்து மண் நனைந்த பிறகாம். மழை எப்போது? "பேஞ்சா தெரியும்."

மே 28, புதூர்நாடு

மறுபடி வந்து ஒரு வாரமாகிறது. லீவு விட்ட பள்ளிக்கூடத்தில் ஓர் அறை கொடுத்திருக்கிறார்கள். மேகம் வருகிறது, பார்க்கிறது, போகிறது. பேராசிரியரின் தபால் அட்டை வந்தது: செப்டம்பரில் வெளிநாட்டு மாநாடு, அதற்குள் முடிவு வேண்டும். இங்கே உட்கார்ந்து வானத்தைப் பார்ப்பதற்கா எனக்கு டாக்டர் பட்டம்? அறைக்கும் கிணற்றுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன்.

பாஞ்சாலைக்கு என்னைப் பார்த்தால் பொழுது போகிறது. "வயசு முப்பத்தி ரெண்டுன்றீங்க. கல்யாணமும் இல்ல. சாமையையே கட்டிகினீங்களா?" என்றாள். "அதுவும் அவிச்ச சாமையை" என்றேன். அவளுக்கு அப்படி ஒரு சிரிப்பு.

ஜூன் 14

மழை. நனைந்தேன். வேண்டுமென்றேதான்.

ஜூன் 17

கூடை திறந்தாயிற்று. மஞ்சள், கற்பூரம், கோழி ஒன்று. அர்ச்சுனன் முதலில் கொல்லையில் மூன்று பிடி விதைத்துவிட்டு வந்து எனக்கு அளந்து கொடுத்தார். இந்தத் தடவை அங்கேயே கடித்துப் பார்த்தேன். பச்சை. "நம்பிக்கை இல்ல பாரு" என்று பாஞ்சாலை ஊரையே கூட்டிச் சொன்னாள். சொல்லட்டும்.

ஜூன் 20, சென்னை

இருட்டறையைத் திறந்தால் ஏற்கெனவே நாற்று நிற்கிறது! தட்டுத் தட்டாக.

"இது ஏதுடா?"

கண்ணாயிரம் தட்டு ஒன்றை ஓரமாக நகர்த்தி வைத்தான். "திருப்பத்தூர் சந்தைல வாங்கினேன் அக்கா. சார்தான், 'சாமைன்னா சாமைதானேடா'ன்னாரு."

பேராசிரியரிடம் ஓடினேன். "சும்மா ஒரு ஒத்திகை. ஏன் இப்படிப் பதர்றே? உன் விதைதான் நிஜம்" என்றார். சரி, ஒத்திகைதானே. என் விதையை ஊற வைத்தேன். மிச்சத்தைக் குளிர்ப்பெட்டியில் பெயர் எழுதி வைத்தேன்.

ஜூன் 23

முளைத்துவிட்டது! முளைத்துவிட்டது!

ஆகஸ்ட் 9

டி.என்.ஏ. எடுத்து வைத்தாயிற்று. அதை வெட்டும் என்சைம் இல்லை. இருந்ததெல்லாம் 'ஒத்திகை'யில் தீர்ந்துவிட்டதாம். புதிதாக வந்தது சுங்கத்தில் கிடந்து, ஐஸ் உருகி, செத்துப்போயிற்று. இனி டிசம்பரில்தான். கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். பேராசிரியர் மாநாட்டுக்குக் கிளம்புகிறார். என்ன முடிவோடு போகிறார்? கேட்டேன். "ஏதோ இருக்கிறத வெச்சு" என்றார்.

1981 ஜனவரி 22

இருக்கிறது. மலைச் சாமையின் டி.என்.ஏ. ஃபிலிமில், அந்த மரபணுவைக் காட்டும் கூடுதல் பட்டை இருக்கிறது. சாதாரணச் சாமையில் இல்லை. நான் கத்தியது வீண் இல்லை. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19

விமானத் தபாலில் பத்திரிகை வந்தது. 'ஜவ்வாது மலைச் சிவப்புச் சாமையில் தனி மரபணு எதுவும் இல்லை.' எழுதியவர்கள் பாண்டுரங்கன், கண்ணாயிரம்.

எப்படி இருக்கும்? அது சந்தைச் சாமை!

அதோடு விட்டார்களா? கடைசியில் நன்றி: 'புதூர்நாட்டிலிருந்து விதை சேகரித்துத் தந்த செல்வி சகுந்தலாவுக்கு.' நானா? நான் எப்போ குடுத்தேன் அந்த விதைய? அவங்க பொய்க்கு நான் சாட்சியா?

பிப்ரவரி 20

"உன் பேரைப் போட்டிருக்கேனே" என்கிறார்.

"எதுல சார்? நான் குடுக்காத விதைக்கு!"

ஃபிலிமைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"போன மாசம் வந்த பேப்பரை நாமே தப்புன்னு சொல்லிக்க முடியுமா? ரெண்டு வருஷம் போகட்டும். ஜூலைல லெக்சரர் போஸ்ட் வருது. கமிட்டில நான் இருக்கேன்." மெதுவாகத்தான் சொன்னார்.

வெளியே கண்ணாயிரம் பிடித்துக்கொண்டான். "அக்கா, நீங்க எதுனா எழுதினா என் தீசிஸ் போச்சு. எங்க ஊர்ல காலேஜ் வாசல மிதிச்சவன் நான் ஒருத்தன்தான்."

பாவிப் பயல். அவனையும் சேர்த்தல்லவா மாட்டிவிட்டிருக்கிறார்.

மார்ச் 2

பத்திரிகைக்கு மறுப்பு எழுதவில்லை.

மார்ச் 10

எழுதினேன். கிழித்தேன்.

மார்ச் 11

வேலை வேண்டுமா வேண்டாமா உனக்கு? வேண்டும். பேசாமல் இருந்தால் கிடைக்கும். நாளைக்கு எவனாவது நல்ல விதையை எடுத்துச் செய்து பார்ப்பான். 'சகுந்தலா கொடுத்த விதையே தப்பு' என்பான். அப்போது யாரிடம் போய் மூக்கைச் சிந்துவேன்? கண்ணாயிரத்தின் முகம் வேறு கண்முன்னால் வந்து நிற்கிறது. அவனுக்கு இன்னொரு கட்டுரை எழுத வயசு இருக்கிறது. எனக்கு இருப்பது இந்தப் பெயர் ஒன்றுதான்.

மார்ச் 12

அனுப்பிவிட்டேன். சின்னக் கடிதம்தான். அந்த விதை நான் கொடுத்தது அல்ல, சந்தையில் வாங்கியது, புதூர்நாட்டு விதையில் நான் கண்டது வேறு, ஃபிலிம் இணைத்திருக்கிறேன். பத்திரிகை ஆசிரியருக்குத் தபாலில் சேர்த்துவிட்டு, பேராசிரியர் மேஜையிலும் ஒரு நகல் வைத்தேன். திருட்டுத்தனமாகச் செய்ததாக இருக்கக் கூடாது.

செப்டம்பர் 3

அச்சாகியிருக்கிறது. அரைப் பத்தி. அடியில் பாண்டுரங்கனின் ஒரு வரிப் பதில்: 'கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது.' என் ஏழாவது வெளியீடு. பக்கத்தில் வேறு பெயர் இல்லாத முதல் வெளியீடும் இதுதான்.

லெக்சரர் வேலை வேறொருவருக்கு. ஃபெலோஷிப் நீட்டிப்பு இல்லை. கண்ணாயிரம் என் பக்கம் திரும்புவதே இல்லை. ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் நான் வந்தால் திடீரென்று வேலை வந்துவிடுகிறது.

1982 ஜூலை 5, திருப்பத்தூர்

கல்லூரி ஒன்றில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. நேர்காணலில் ஒருவர் என் பட்டியலைப் புரட்டிவிட்டு, "இது இன்னாம்மா, அரைப் பத்தி? இதையும் கணக்குல சேத்திருக்கீங்களே?" என்றார். "அத எடுத்துட்டா மத்த ஆறையும் எடுத்துடுங்க சார்" என்றேன். வாய்க்கொழுப்பு. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள்.

மைக்ரோஸ்கோப் ஒன்று இருக்கிறதாம். லென்ஸ் இல்லையாம்.

1983 நவம்பர் 8

கண்ணாயிரம் வந்திருந்தான். ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். "உள்ள வாடா, இது என்ன கோயிலா?" என்றேன். இரண்டு வருஷத்துக்குப் பிறகு பார்க்கிறேன், கன்னம் ஒட்டியிருந்தது.

புதுக் கட்டுரையைக் கொண்டுவந்திருந்தான். குளிர்ப்பெட்டியில் நான் விட்டு வந்த விதையை முளைக்கவைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்திருக்கிறார்கள். சிவப்புச் சாமையில் தனி மரபணு இருக்கிறது. என் பட்டை, நான் பார்த்த அதே இடத்தில். கண்ணாயிரம், பாண்டுரங்கன் என்று இரண்டு பெயர்கள். நன்றியில்கூட நான் இல்லை. ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று வரி வரியாகத் தேடினேன். இல்லை. நன்றாகவே செய்திருக்கிறான், படுபாவி.

"கடைசிப் பக்கம் பாருங்க அக்கா."

கட்டுரைக்கு ஆதாரமாகச் சொன்னவற்றின் வரிசை. பெரிய பெரிய வெளிநாட்டுப் பெயர்களுக்கு நடுவில்: சகுந்தலா, 1981. என் அரைப் பத்தி.

"மொதல்ல நாங்க அனுப்பினதுல இது இல்லக்கா. இதச் சொல்லாம அச்சுக்குப் போவாதுன்னு பத்திரிகைக்காரங்க திருப்பி அனுப்பிட்டாங்க. சாரே கைப்பட எழுதிச் சேத்தாரு."

"என்ன சொன்னார்?"

"அவரு பேனா எழுதலன்னு என் பேனாவ வாங்கி எழுதினாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். கேன்டீனில் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

அறையில் யாரும் இல்லை. அந்தப் பக்கத்தை எடுத்து, என் பெயரையும் வருஷத்தையும் ஒரு தடவை உரக்கப் படித்தேன். மணி அடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. வகுப்புக்குத் தாமதமாகத்தான் போனேன்.