நாலு மூக்கு மெஷினும் இரண்டு ஸ்டூலும்

ஏனுங்க,

இப்படிக் கூப்பிட்டால் கராஜிலிருந்து "இதா வந்துட்டேன்" என்று குரல் மட்டும் உடனே வரும். ஆள் வந்து சேர அரைமணி நேரமாகும், அதற்குள் தோசை ஆறிவிடும். நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது, பழக்கதோஷத்தில் இன்னும் கூப்பிட்டுவிடுகிறேன். நேற்று காலையில்கூட ஒரு தோசை அதிகமாக ஊற்றிவிட்டு, நானே நின்றுகொண்டு தின்றேன்.

தமிழ்ச் சங்க மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "அங்கிள் எவ்வளவு ஹெல்ப் பண்ணுவாங்கன்னு எழுதுங்க ஆன்ட்டி" என்றாள் கேட்க வந்த சங்கத்துப் பெண். அதையெல்லாம் பதின்மூன்று நாளும் வந்தவர்கள் வாய் ஓயாமல் சொல்லிவிட்டார்கள். யாருக்கும் சொல்லாத ஒன்றை நான் எழுதப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கராஜில் ஒயின் செய்தீர்கள். ஏழு வருடமாகச் செய்தீர்கள்.

படிக்கிறவர்கள் என்னென்னவோ நினைத்துக்கொள்ள வேண்டாம். செப்டம்பரில் லிவர்மோர் பக்கம் போய்க் கார் டிரங்க் நிறையத் திராட்சை வாங்கி வருவார். பிழிந்து, புளிக்கவிட்டு, இரண்டு பெரிய கண்ணாடி ஜாடிகளில் அடைத்து வைப்பார். ஜாடி வாயில் ஒரு சின்ன பிளாஸ்டிக் குழாய், அதற்குள் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர் இருக்கும்வரை வெளிக்காற்று உள்ளே போகாது. சனிக்கிழமை சாயங்காலம் ஒரே ஒரு டம்ளர் குடிப்பார், அவ்வளவுதான்.

உங்கள் அம்மா வந்திருந்த ஆறு மாதமும் அந்த ஜாடிகளுக்கு வேட்டி போர்த்தி வைத்தீர்களே. "அதென்ன கண்ணு?" என்று கேட்டதற்கு, "வினிகருங்கம்மா, ஊறுகாய்க்கு" என்றீர்கள். ஊருக்குக் கிளம்பும்போது அவர் ஒரு பாட்டில் வேண்டுமென்று நிற்க, நீங்கள் சேஃப்வே கடைக்கு ஓடிப்போய் வினிகர் வாங்கிப் பழைய பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தீர்கள். அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் வயிறு வலித்தது.

ஜனவரியில், ஆபீஸ் பார்க்கிங் லாட்டிலிருந்து உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்லி என்னை வீட்டில் இறக்கிவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊரே வரும், செருப்பெல்லாம் கராஜில்தான் கழற்றுவார்கள். ஹார்ட் அட்டாக் என்றால் அடுத்த கேள்வி "குடிப்பாரா?" என்பதுதான். நான் நேராகப் போய் அதே வேட்டியை எடுத்து இரண்டு ஜாடிகளையும் மூடினேன். நீங்கள் போனபிறகு நான் செய்த முதல் வேலை அதுதான். அழுததெல்லாம் அதற்குப் பிறகு. இதை நம் மகள் நித்யாவிடம்கூடச் சொன்னதில்லை.

மூடியவள் மறந்தும் போனேன். மே மாதக் கடைசியில் வெயில் ஏறியதும் கராஜில் ஒரு நெடி வந்தது. வேட்டியைத் தூக்கிப் பார்த்தால், ஒரு ஜாடியின் குழாயில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மூடியைத் திறந்ததும் புளிப்பு நெடி மூக்கில் ஏறியது. நீங்கள் அம்மாவிடம் சொன்ன பொய் அந்த ஜாடியில் நிஜமாகிவிட்டது. இன்னொன்றில் மட்டும் விரல் நகம் அளவுக்குத் தண்ணீர் மிச்சமிருந்தது. ஓடிப்போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அதை நிரப்பினேன்.

ஆஸ்டினில் படிக்கிற மகளுக்கு போன் பண்ணினேன். "ஜஸ்ட் டம்ப் இட், அம்மா. யூ டோன்ட் ஈவன் டிரிங்க்" என்றாள். அவள் கொட்டிவிடச் சொன்னதில் தப்பில்லை, நான் குடிக்கிறவள் இல்லைதான். ஆனால் இந்த வீட்டில் நீங்கள் கையால் செய்தது வேறு என்ன இருக்கிறது? சட்டையெல்லாம் கடையில் வாங்கியவை. ஆபீசில் ராத்திரி பகலாக, இரண்டாயிரம் பிறந்தால் கம்ப்யூட்டர் குழம்பிவிடுமாம், ஒய்டூகே என்று உட்கார்ந்து திருத்தியதெல்லாம் அவர்கள் கம்ப்யூட்டரோடு போயிற்று. எனக்கென்று மிஞ்சியது இந்த ஒரு ஜாடிதான். இதையும் கெடவிட்டால் என்னை நானே மன்னிக்க மாட்டேன் என்று தோன்றியது. உடனே பாட்டிலில் அடைத்தாக வேண்டும்.

அதற்குத்தான் மெஷின் வாங்கவேயில்லையே நீங்கள். ஒரு டிவி வாங்க எட்டு மாதம் ஆராய்ச்சி செய்த மனிதர், பாட்டில் நிரப்பும் மெஷினுக்கு இரண்டு வருடம் எடுத்துக்கொண்டும் முடிவு செய்யாமலே போய்விட்டீர்கள். உங்கள் ஃபைலை எடுத்துப் பிரித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தபாலில் வந்த கேட்டலாக், ஆபீசில் பிரின்ட் எடுத்த தாள்கள், எல்லாவற்றிலும் அடிக்கோடு.

மெஷின் தேடவேண்டி வந்ததே என்னால்தான், அதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன். முதல் வருடம் பாட்டிலில் ஊற்ற என்னை உதவிக்குக் கூப்பிட்டீர்கள். நான் புனல் வைத்து, சொம்பைத் தலைக்கு மேலே தூக்கி, காபி ஆற்றுகிற மாதிரி நுரை பொங்க ஊற்றினேன். நன்றாகத்தான் செய்கிறோம் என்ற பெருமை வேறு. நாலு மாதத்தில் அத்தனை பாட்டிலும் பழுப்பேறிச் சப்பென்று போயிற்று. அவ்வளவு காற்று படக்கூடாது என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நீங்கள் ஒரு வார்த்தை திட்டவில்லை. அந்தச் சப்பையை ஒவ்வொரு சனிக்கிழமையும் குடித்தே தீர்த்தீர்கள். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி அன்றோடு முடித்திருப்பேன். "இனி உங்க கராஜ் பக்கமே வரமாட்டனுங்க" என்று சொன்னவள், அப்படியே வராமல் இருந்துவிட்டேன். நீங்கள் அடுத்த வருடங்களில் ரப்பர் குழாயை வைத்துக்கொண்டு தனியாக மல்லாடினீர்கள்.

ஃபைலில் மூன்று மெஷின் இருந்தது. ஒன்று கரன்டில் ஓடுவது, பம்பு வைத்தது. அதற்கு எதிரே "சத்தம்" என்று எழுதி அடித்திருந்தீர்கள். இரண்டாவது, பாட்டிலுக்குள் ஒயினை இறக்கும் மூக்கு ஒன்றே ஒன்று வைத்தது, அதில் "ஒரு ஆள் போதும்" என்று எழுதியிருந்தது. மூன்றாவது நாலு மூக்கு வைத்த ஸ்டீல் தொட்டி. நாலு பாட்டிலை ஒரே சமயத்தில் மாட்டலாம். ஒருவர் நிரப்பிக் கொடுக்க, இன்னொருவர் கார்க் அடிக்க வேண்டும். அதைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டு, ஓரத்தில் உங்கள் கோழிக்கிறுக்கல். "ரெண்டு ஆள் வேணும். சுமதியைக் கேக்கோணும்."

கராஜ் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தீபாவளிக்கு முந்தின வாரம் "சுமதி, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ" என்று கூப்பிட்டீர்களே, அது இதற்குத்தானா? "எது தோணுதோ அதை வாங்கிக்குங்க, எனக்கு வேலை கெடக்குது" என்று அடுப்படியிலிருந்தே கத்தினேன். நீங்கள் மறுபடி கூப்பிடவில்லை. இரண்டு வருடம் நீங்கள் யோசித்துக்கொண்டிருந்தது மெஷினைப் பற்றியே இல்லை போலிருக்கிறது. வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே என்று உங்கள் மேலும் கோபம், ஒரு எட்டு வந்து பார்த்திருக்கலாமே என்று என் மேலும் கோபம். யாரிடம் போய்ச் சண்டை போட?

மறுநாள் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு நீங்கள் வழக்கமாகப் போகிற ஒயின் சாமான் கடைக்குப் போனேன். ஃப்ரீவேயில் ஓரத்து லேனைவிட்டு நகரவில்லை. கடைக்காரர் வெள்ளைத் தாடிக்காரர். முகர்ந்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, இது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, இந்த வாரமே அடைத்துவிடு என்றார். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது. உங்கள் பெயரைச் சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்தது. மாதம் ஒருமுறை வந்து அந்த நாலு மூக்கு மெஷினைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவீர்களாமே. "ஹவ் இஸ் ஹி?" என்று கேட்டார்.

"பிசி. ஒய்டூகே" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. அந்த மனிதர் ஒருவருக்காவது நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களே என்று நினைத்தேனோ என்னவோ. வீட்டில் எத்தனை பேர் இந்த வேலை செய்வீர்கள், ஒருவர்தான் என்றால் ஒரு மூக்கே போதும் என்றார். "டூ. மை ஹஸ்பண்ட் அண்ட் மீ." வாயில் அதுதான் வந்தது. நாலு மூக்கு மெஷினைக் காரில் ஏற்றிவிட்டார்.

சனிக்கிழமை காலையில் குளித்துவிட்டு கராஜைத் திறந்தேன். நல்லவேளை, ஜாடியை நீங்கள் மேடை மேலேயே வைத்திருந்தீர்கள், தூக்கவேண்டிய வேலை இல்லை, உங்கள் ரப்பர் குழாய் வழியாக ஒயின் தானே தொட்டிக்கு இறங்கிவிடும். நீங்கள் கழுவிச் சேர்த்து வைத்திருந்த பாட்டில்களை மறுபடி கழுவினேன். தொட்டிக்கு முன்னால் ஒரு ஸ்டூல், கார்க் அடிக்கிற கட்டைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டேன். உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து நாலு பாட்டிலை மாட்டினேன். மூக்கு பாட்டிலுக்குள் இறங்கி, நுரையே வராமல் ஓரமாக வழியவிடுகிறது. கழுத்துவரை வந்ததும் தானே நின்றுவிடுகிறது. எழுந்து என் ஸ்டூலுக்கு வந்து நாலு கார்க் அடித்தேன். மறுபடி எழுந்து உங்கள் ஸ்டூலுக்குப் போனேன். இப்படியே ஆறு முறை போய்வந்தேன். இடையில் ஒருதரம் "அடுத்ததைக் கொடுங்க" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

தனியாக இருக்கிறேனுங்க. எல்லோரும் போன் செய்கிறார்கள், சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார்கள், நானும் சாப்பிட்டேன் என்கிறேன். எதிர் ஸ்டூலில் ஆள் இல்லை என்பதை யாரிடம் சொல்வது, எப்படிச் சொல்வது?

கடைசியில் ஒரே ஒரு பாட்டிலுக்குத்தான் ஒயின் மிஞ்சியது. மூன்று மூக்கு சும்மா தொங்க, ஒன்றில் மட்டும் அது நிறைந்தது. ஆக இருபத்தைந்து பாட்டில். அந்தக் கடைசிப் பாட்டிலுக்குக் கார்க் அடிக்கவில்லை. சாயங்காலம் உங்கள் டம்ளரில் ஊற்றினேன். பழக்கத்தில் ஆற்றுவதற்குக் கை உயர்ந்துவிட்டது, இறக்கிக்கொண்டேன். ஒரு வாய் குடித்தேன். துவர்ப்பாக இருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் கெட்டுப்போகவில்லை, இந்தத் தடவை நான் கெடுக்கவில்லை.

அந்த வேட்டியைத் துவைத்து மடித்து உங்கள் பீரோவில் வைத்துவிட்டேன். இனி எந்த ஜாடியையும் மூடப்போவதில்லை. அடுத்த வாரம் ஒரு பாட்டிலைத் தாடிக்காரரிடம் கொடுத்து உண்மையைச் சொல்லிவிடுவேன். செப்டம்பரில் லிவர்மோருக்குப் போய்த் திராட்சை வாங்குவேன், ஒரு ஜாடிக்கு மட்டும். நாலு மூக்கையும் மாட்டுவேன், இரண்டு ஸ்டூலும் போடுவேன். நீங்கள் ஓரத்தில் எழுதிவைத்துவிட்டுக் கேட்காமல் போனதற்கு என் பதில், வர்றேனுங்க.

இப்படிக்கு,
உங்கள் ரெண்டாவது ஆள்,
மனைவி சுமதி
ஃப்ரீமான்ட்