கல்வெட்டில் உங்களுக்கு ஒரு சொல்

அன்புள்ள இஞ்சாருங்கோ,

உயிரோடு இருந்தபோது உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதவள், இப்போது மட்டும் எப்படிக் கூப்பிடுவது? இந்தக் கடிதத்திலும் இதுவே உங்கள் பெயராக இருக்கட்டும்.

உங்கள் முப்பத்தோராம் நாள் கிரியைக்கு, அந்தியேட்டிக்கு, இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. அன்று வருகிறவர்களின் கையில் கொடுக்கும் நினைவு மலருக்கு, அந்தக் கல்வெட்டுப் புத்தகத்துக்கு, உங்கள் வாழ்க்கை வரலாற்றை மகன் கனடாவிலிருந்து எழுதி அனுப்பியிருக்கிறான். தேவாரங்கள் சரி. படமும் நல்லது. இரண்டாம் பக்கத்தில்தான் என் கண் நின்றது. "முற்போக்குச் சிந்தனையாளர்; ஏற்றத்தாழ்வு பாராதவர்." மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தேன். வேறு யாருடைய கல்வெட்டோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

தொலைபேசியில் அவனைக் கேட்டேன்.

"இதாரடா தம்பி, முற்போக்குச் சிந்தனையாளர்?"

"எல்லாற்றை கல்வெட்டிலையும் அப்பிடித்தானேம்மா போடுறது."

அது உண்மைதான். கல்வெட்டுகளை நம்பினால் இந்தத் தீவில் இன்னும் ஒரு பிற்போக்குவாதியும் இறக்கவில்லை.

"பழமைவாதி எண்டு மாத்திப் போடு."

"ஐயோ அம்மா, பேரப்பிள்ளையள் வாசிக்குங்கள்."

கனடாவில் அது ஒரு கட்சியின் பெயரல்லவா, அதைச் சொல்லித்தானே வாக்குக் கேட்கிறார்கள் என்றேன். "அது இங்கிலீசிலை. தமிழிலை போட்டால் ஏசினமாதிரி இருக்கும்" என்றான்.

உங்களுக்கு ஏச்சு புதிதா? பழம்பஞ்சாங்கம் என்றார்கள், கட்டுப்பெட்டி என்றார்கள். கடைசியாகப் பேத்தி வலதுசாரி என்றாள். ஒருமுறை சந்தியில் நின்ற பெடியள் பிற்போக்குவாதி என்று கத்த, நீங்கள் சைக்கிளை நிறுத்தி, "ஓம் தம்பிமார், பின்னாலைதான் வாறன். முன்னாலை ஓடுற நீங்கள் விழுந்தால் தூக்க ஒருத்தன் வேணுமே" என்றீர்களாம். வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அவர்கள் ஏன் கத்தினார்கள் என்பதை நாம் இருவரும் பேசவில்லை.

வாசிகசாலைக்காகத்தான் கத்தினார்கள். உள்ளே எங்கள் ஆட்களுக்குச் சாய்ந்திருக்கக் கதிரை. விறாந்தையில் மற்றச் சாதியாருக்கு ஒரு வாங்கு, சாய்மானமில்லாத நீளப் பலகை. இனி எல்லோருக்கும் கதிரை என்று சபை தீர்மானித்த அன்று, நீங்கள் தலைவர் பதவியை விட்டு விலகிக் கடிதம் எழுதினீர்கள். அதை நல்ல பிரதியாக எழுதித் தந்தவள் நான். எல்லோரும் கடவுளின் பிள்ளைகள் என்று மடத்துப் பள்ளியில் கன்னியாஸ்திரிகள் எனக்குப் படிப்பித்தது அப்போது நினைவுக்கு வரவில்லையா? வந்தது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

நேற்றுப் பின்னேரம் மாணிக்கம் மாஸ்டர் வந்தார். அன்று அந்த வாங்கில் இருந்து பேப்பர் வாசித்தவர், இன்று அதே வாசிகசாலையின் தலைவர். சபையின் அனுதாபச் செய்தியைக் கொண்டுவந்திருந்தார். மகன் எழுதியதை அவரிடம் கொடுத்தேன். வாசித்து முடித்துத் தாளை மடித்தார்.

"அக்கா, இதை இப்பிடியே போட்டால், நான் எங்கை இருந்து பேப்பர் வாசிச்சனான்?"

நான் தாளை எடுத்து மறுபடி விரித்தேன். அவர் தொடர்ந்தார்.

"மற்றாக்கள் சிரிச்சுக் கதைச்சுப்போட்டு வாங்கைக் காட்டினவை. அண்ணை முகத்துக்கு நேரை சொன்னவர். நொந்ததுதான். ஆனால் ஆரோடை சண்டை பிடிக்கிறன் எண்டு தெரிஞ்சுது. இப்ப அந்த ஆளையே இல்லாமல் பண்ணப் போறியளே?"

"அப்ப என்ன சொல்லுப் போடுறது, மாஸ்டர்?"

"நீங்கள் படிச்சனீங்கள், பாத்துப் போடுங்கோ. என்ரை வாங்கை மட்டும் எடுத்துப்போடாதேங்கோ."

நீங்கள் படுக்கையில் கிடந்த மாதங்களில், உங்களுக்குத் தினமும் பேப்பர் வாசித்துக் காட்டியவரும் அவரே. முதல் நாள் அவர் வாசலில் நின்றபோது, "கதிரையைக் கட்டிலுக்குக் கிட்டப் போடும்" என்று என்னிடம் சொன்னீர்கள். மனம் மாறியதாலா, காது மந்தமானதாலா? நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். தெரியாத ஒன்றை வைத்து உங்களை முற்போக்காளர் ஆக்க என்னால் ஏலாது. உங்களுக்கும் அது பிடிக்காது.

மகனிடம் சொல்லிவிட்டேன். "சரியம்மா" என்றான். அவன் எழுதிய பந்தி இருந்த இடத்தில் இந்தக் கடிதம் அச்சாகும். நாளைக்குக் காலை பஸ்ஸில் யாழ்ப்பாணம் போய் அச்சகத்தில் நானே கொடுப்பேன். நீங்கள் பழமைவாதி. வாங்கு விறாந்தையில்தான் கிடந்தது. உங்கள் விலகல் கடிதத்தை எழுதியது என் கை.

அந்தியேட்டியன்று முதற் பிரதியை மாணிக்கம் மாஸ்டரிடம் கொடுப்பேன். அவரை உள்ளே அழைத்து, உங்கள் கட்டிலருகே போட்ட அதே கதிரையில் இருத்தி, அதன் பிறகுதான் கொடுப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அன்றும் இன்றும் நல்ல பிரதி எழுதும்,
உங்கள் மனைவி.