உன் முகத்தில் யாரோ ஒருத்தியின் குரல்

அடியே,

சற்று முன் சாந்தா ஆன்ட்டி போன் பண்ணினார். "டிவியைப் போடு கண்ணு, நம்ம ஆளு ஒருத்தன் வர்றான்" என்று மூச்சு வாங்கச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்று வைத்துவிட்டார். ஓடிப்போய்ப் போட்டேன். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தான். ஏதோ ஒரு வார்த்தை பேசினான், யாரோ சுட்டார்கள், விளம்பரம் வந்துவிட்டது. விளம்பரம் முடிந்தபோது போலீஸ்காரர்கள் டாக்சியைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைக்காட்சி என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். நம்ம ஆட்கள் காட்சிக்கு வந்தவுடன் தொலைந்துபோகிறார்கள். இந்தக் கடிக்கு நீ முனகுவாய் என்று சோபாவின் மறுமுனையைப் பார்த்தேன். பழக்கதோஷம்.

தமிழில் எழுதுகிறேனே என்று முறைக்காதே. உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுதான். ஆங்கிலத்தில் எழுதினால் மட்டும் இப்போது படிக்கவா போகிறாய்?

கோயமுத்தூரிலிருந்து டெக்சாஸில் இந்த ரவுண்ட் ராக் ஊருக்கு வந்த புதிதில் இந்தச் சடங்கு எனக்குப் புரியவே இல்லை. டிவியில் மாநிறமாக ஒரு முகம் தெரிந்தால், பார்த்தவர் அடுத்த வீட்டுக்கு போன் பண்ண வேண்டும். அவர் அதற்கடுத்த வீட்டுக்கு. அடுப்பில் தாளிப்பு கருகினாலும் எல்லோரும் டிவி முன்னால் ஓடி வர வேண்டும். கடைக்காரரோ, கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே தலையாட்டும் ஓர் அண்ணாவோ, யாராயிருந்தாலும் நம்ம ஆளு. பாதி நேரம் அது மெக்சிகோக்காரராக இருக்கும். அதையும் யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒருமுறை நான் குரலை மாற்றிக்கொண்டு சாந்தா ஆன்ட்டிக்கு போன் பண்ணி, வானிலை அறிக்கை ஓடுகிற சேனலைச் சொல்லிவிட்டேன். தெருவே உட்கார்ந்து புயல் வரைபடத்தில் நம்ம ஆளைத் தேடியது. நீ தரையில் உருண்டு சிரித்தாய். பிறகு எழுந்து உட்கார்ந்து, எனக்காக உனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாய்: "ஒரு நாள் நான் வருவேன்டி. அப்ப யாரும் தேட வேண்டாம்."

நீ விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பள்ளி நாடகங்களில் உனக்கு எப்போதும் மரம், கூட்டம், இல்லாவிட்டால் ஜோசியக்காரி. அப்படியும் விடவில்லை. ஆஸ்டினில் ஒரு தொடருக்குப் படம் எடுக்கிறார்கள், இந்தியப் பெண் ஒருத்தி தேவை என்று கேள்விப்பட்டதும் டிரைவ் பண்ணிக்கொண்டு போய் நின்றாய். பெட்ரோல் பங்க்கில் கல்லாவில் நிற்கும் பெண். காணாமல்போன ஒருவனை அவள் பார்த்திருக்கிறாள், போலீஸ் கேட்டால் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேடம். துணை நடிகை என்றாய். துணைக்கு ஆளில்லாத நடிகை என்றேன். என் மேல் தலையணை விழுந்தது.

இந்திய உச்சரிப்பு வேண்டும் என்று கேட்டார்களாம். நீ பிறந்ததே டெக்சாஸில். வாய் திறந்தால் மாட்டுப்பண்ணைக்காரர் வீட்டுப் பெண் மாதிரி வார்த்தைகள் இழுத்துக்கொண்டு வரும். என்னைச் சொல்லிக் கொடுக்கச் சொன்னாய். நான் பேசுகிற மாதிரி பேசிக் காட்டினாய், அது அவர்களுக்குப் போதவில்லை. உன் அம்மா கான்வென்ட்டில் படித்தவர், அவர் மாதிரி பேசினாய், அதுவும் போதவில்லை. அவர்கள் கேட்ட இந்தியாவில் யாருமே குடியிருக்கவில்லை. கடைசியில் படப்பிடிப்பு அன்று, நடப்பது நடக்கட்டும் என்று உன் சொந்தக் குரலிலேயே பேசிவிட்டாய். இயக்குநர் ஒன்றும் சொல்லவில்லையாம். அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமல் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தாய். விட்டுட்டாங்கடி, என்னை மாதிரியே பேச விட்டுட்டாங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். டிவியில் வருவதைவிட அதுதான் உனக்குப் பெரிதாக இருந்தது.

ஒளிபரப்பு அன்று உங்கள் வீட்டில் உட்கார இடமில்லை. புளியோதரை, கேசரி, பேப்பர் தட்டுகள். உன் அப்பா பதிவு பண்ண விசிஆரில் டேப்பைப் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே நின்றார். நீ வந்தாய். எல்லோரும் கை தட்டினார்கள். நீ வாயைத் திறந்தாய், வேறு யாரோ பேசினாள்.

குரலை மாற்றியிருந்தார்கள். ஒவ்வொரு சொல்லையும் உருட்டி, பாட்டு மாதிரி ஏற்றி இறக்கி, கேலிக்கென்றே செய்த ஒரு குரல். உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. உன் முகம் மட்டும் போதும் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு ஒரு கடியும் வரவில்லை. சாந்தா ஆன்ட்டிதான் உன் கன்னத்தை வழித்துச் சொன்னார்: "எவ்வளவு நல்லா பேசியிருக்கே கண்ணு. இப்பத்தான் நம்ம பொண்ணு மாதிரி இருக்கே."

அவர் பாசமாகத்தான் சொன்னார். நீ சிரித்தாய், எல்லோருக்கும் கேசரி எடுத்துக் கொடுத்தாய். பிறகு கராஜுக்குப் போய் வாஷிங் மெஷின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாய். அடுத்த வாரம் பள்ளி நடைபாதையில் பையன்கள் அந்த வரியை அந்தக் குரலிலேயே சொல்லிக்கொண்டு நம் பின்னால் வந்தார்கள். நான் திருப்பிச் சொன்ன எதுவும் எடுபடவில்லை. நாடகத்துக்குப் பெயர் கொடுப்பதை நீ நிறுத்திவிட்டாய். இன்னொரு முறை முயற்சி பண்ணு என்று நான் நச்சரித்துக்கொண்டிருந்தபோதே மழைக்காலம் வந்தது. ஹூஸ்டன் பக்கம் கோயிலுக்குப் போகும் வழியில், ஈரமான ஃப்ரீவேயில், உன் கார்.

உன் அப்பாவின் கேம்கார்டரில் நயாகரா இருக்கிறது, யாரென்றே தெரியாதவர்கள் கல்யாணமெல்லாம் இருக்கிறது. நீ இல்லை. கேமராவைக் கண்டாலே, சும்மா நடிக்க மாட்டேன் என்று ஓடிவிடுவாய். ஆகவே நீ அசைவதைப் பார்க்க அந்த டேப் ஒன்றுதான் மிச்சம். உன் அம்மா தினமும் போட்டுப் பார்க்கிறார். போன வாரம் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்த இடம் வருவதற்கு முன் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தை நிறுத்தினேன். உன் உதடுகள் மட்டும் அசைந்தன. உன் அம்மா என் கையிலிருந்து மெதுவாக ரிமோட்டை வாங்கிக்கொண்டார்.

"வேண்டாம் கண்ணு. அது அவ குரல் இல்லேன்னு எனக்குத் தெரியாதா? சத்தம் இல்லாட்டி செத்துப் போனவ மாதிரி இருக்கா."

மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டார். நானும் பார்த்தேன். வீட்டுக்கு நடந்து வரும்போது, உன் குரலில் என் பெயரை ஒருமுறை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று மனசுக்குள் முயன்றேன். உன் முகம் உடனே வந்தது. வாயையும் திறந்தாய். என் பெயரைக் கூப்பிட்டவள் டேப்பில் பேசுகிற அவள்.