துணைக்குக் கட்டிய சேவல்

கூட்டுக்குள் கையை விட்டால் இன்றைக்கும் முதலில் உன் முட்டைதான் தட்டுப்படுகிறது. சில்லென்று, கனமாக. கோழிகள் கண்ட இடத்தில் போட்டுத் தொலைக்காமல் ஒரே இடத்தில் வந்து போட வேண்டும் என்று நீ செய்த பீங்கான் முட்டை. நம் பீங்கான் கம்பெனியில் மிஞ்சிய களிமண் கூழை அச்சில் ஊற்றி, பியூஸ் கட்டைகளுக்கு நடுவே சூளையில் வைத்துச் சுட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு வந்தாய். நிறம்கூட நாட்டுக்கோழி முட்டை நிறம். அவ்வளவு அசலாகச் செய்திருக்க வேண்டாம். மற்ற முட்டைகளோடு அதையும் நான் வேகவைத்துத் தட்டில் போட, என் வீட்டுக்காரர் தட்டின் விளிம்பில் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, "என்னாடி இது, கல்லுல போட்ட முட்டயா?" என்று முழித்ததை நீ தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாய். இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உன்னிடம் ஒரு சங்கதி சொல்ல வேண்டும். நம் கோழிகளோடு இப்போது ஒரு சேவல் மேய்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று தெரியும். முழுக்கக் கேட்டுவிட்டுத் திருப்பிக்கொள்.

நீ அச்சில் ஊற்றுகிறவள், நான் பிசிறு துடைக்கிறவள். ஒரே கம்பெனி, ஒரே ஷிப்ட், பக்கத்துப் பக்கத்து மனை. நடுவில் இருந்த கம்பிவேலி மனுஷர்களுக்குத்தான். கோழிகள் அதை மதித்ததே இல்லை. எது உன் கோழி, எது என் கோழி என்று கடைசிவரை நாமும் பிரித்துக்கொள்ளவில்லை. எல்லாவற்றிலும் ஒத்துப்போன நாம் முட்டிக்கொண்டது இந்த ஒரு விஷயத்தில்தான். ஒரு சேவல் வேண்டும் என்பது என் கட்சி. கூடவே கூடாது என்பது உன் கட்சி.

"சேவல் இல்லாம என்னாடி கோழி வளப்பு?" என்பேன்.

"முட்ட போடறதுக்கு சேவல் எதுக்கு? அதுங்க பாட்டுக்குப் போடுதுங்க இல்ல?" என்பாய்.

"குஞ்சு வேணாமா?"

"வேணும்னா கருவேப்பிலங்குறிச்சில முட்ட வாங்கியாந்து அட வச்சுக்கலாம். அதுக்குன்னு ஒண்ண ஒக்கார வச்சு சோறு போடணுமா?"

நீ இதைச் சொல்லும்போது பேச்சு சேவலோடு நிற்காது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் வாயைத் திறக்க மாட்டேன்.

உன் புருஷன் உன்னையும் இரண்டாவது படித்துக்கொண்டிருந்த கவிதாவையும் விட்டுவிட்டு எங்கேயோ போன பிறகு, நல்லூரில் அவருடைய அண்ணன் உன்னை உட்காரவைத்துச் சொன்னாராம், "ஆம்பள இல்லாத வூடு ஒரு வூடா? எங்க நெழல்லயே இருந்துக்க." மறுநாள் முதல் பஸ்ஸில் நீ பிள்ளையை இழுத்துக்கொண்டு விருத்தாசலத்தில் வந்து இறங்கினாய். அவர் கெட்டவர் இல்லை என்று நீயே என்னிடம் சொல்லியிருக்கிறாய். ஆனால் அந்தச் சொல்லை நீ விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. வாயிலேயே வைத்துக்கொண்டு ஒரு வீட்டைக் கட்டினாய்.

புயல் உன் வீட்டு சிமெண்ட் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது, நான் என் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வருவதற்குள் நீ ஏணி போட்டு மேலே ஏறியிருந்தாய். "ஒரு குரல் குடுக்கக் கூடாதா?" என்று கீழே நின்று கத்தினேன். "குடுத்தா வருவீங்க. அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் கூப்புடத் தோணும்," என்று ஷீட்டைப் பிடித்தபடி சொன்னாய். எனக்குக் கோபமான கோபம். பக்கத்தில் ஒருத்தி இருந்தும் கூப்பிடாத திமிர் உனக்கு. அந்தத் திமிரை எத்தனை பேரிடம் நான் பெருமையடித்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. கவிதா படித்து முடித்து வேப்பூரில் மருந்துக் கடையில் பார்மசிஸ்டாகச் சேர்ந்த அன்று, மிட்டாய் டப்பாவோடு கம்பெனியைச் சுற்றி வந்தாயே, உன் பின்னால் நடந்த எனக்குத்தான் தலை நிமிர்ந்திருந்தது. பெற்றவளைவிட எனக்குப் பெருமை அதிகம் என்று எல்லோரும் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

இந்தச் சேவல் வந்ததற்குக் காரணமும் நீதான். நம் கருப்புக் கோழி கருப்பி அடைக்கு உட்கார்ந்தாள். நிஜ முட்டைகளை நாம் எடுத்துவிட்டோம், அவளோ பீங்கான் முட்டையை வயிற்றுக்கடியில் இழுத்து வைத்துக்கொண்டு தீனியை மறந்து கிடந்தாள். தண்ணீரில் முக்கி எடுத்தால் அடை தெளிந்துவிடும் என்றேன். உனக்கு மனசு கேட்கவில்லை. "நம்ம ஏமாத்திட்டம்டி. அது என்னா பண்ணும் பாவம்," என்று சொல்லி, கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வேலைக்கு வருகிற பெண்ணிடம் சேவலோடு சேர்ந்த கோழிகளின் முட்டையாகக் கேட்டு வாங்கிவந்து வைத்தாய். பொரித்ததில் பூனைக்கும் பருந்துக்கும் போக மிஞ்சியது ஒன்று. அது வளர வளர, கொண்டையும் வாலுமாக வந்து நின்றது.

முன்பும் ஓரிரு தடவை இப்படி நடந்திருக்கிறது. கூவுவதற்குள் யாருக்காவது கொடுத்துவிடுவாய். இதை மட்டும் இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அது வேலிக் கம்பத்தில் ஏறி முதல்முறையாகக் கூவியது. தொண்டை கட்டிய மாதிரி பாதியிலேயே உடைந்து நின்றுவிட்டது. நீ இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"கூவிடுச்சு. இப்ப என்னா சொல்ற, வச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.

"இதுக்குப் பேரு கூவுறதா? நாளைக்குப் பாக்கலாம் போ."

சனிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்ப உன்னைக் கூப்பிட வந்தேன். வாசல் தெளித்திருந்தது. அடுப்படியில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். நெஞ்சு என்றார் டாக்டர். ஒரு வேலி தள்ளித்தான் இருந்தேன் நான். அதற்கும்கூட நீ ஒரு குரல் கொடுக்கவில்லை. இதற்காக உன்னோடு எவ்வளவு நாள் சண்டை போட்டாலும் எனக்கு ஆறாது.

கவிதா வந்தாள். நல்லூரிலிருந்து உன் புருஷனின் அண்ணன் ஆட்களோடு வந்தார். குறை சொல்ல மாட்டேன். பந்தல், பாடை, மேளம் எல்லாம் அவர்தான் பார்த்தார். எடுக்கப்போகிற நேரத்தில் சொன்னார், "சனிக்கெழம. தொணைக்கு ஒரு உசுரக் கட்டணும். இல்லன்னா தெருவுல இன்னொருத்தர இழுத்துக்கும்." நமக்குத் தெரியாத வழக்கமா? சனிக்கிழமை சாவென்றால் எல்லா வீட்டிலும் ஒரு கோழிக்குஞ்சைப் பாடையில் கட்டித்தான் அனுப்புகிறோம். ஒரு முட்டையை வைத்தால் போதாதா என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். நல்லூர்ப் பெரியவர் கையை உதறினார். "சேவலே வைக்காத வூட்டு முட்டைல உசுரு ஏது?" அதற்குள் இரண்டு பேர் அந்த இளஞ்சேவலைத் துரத்திப் பிடித்து, காலைக் கட்டிப் பாடையின் ஓரத்தில் தொங்கவிட்டுவிட்டார்கள்.

எனக்குத் தடுக்கத்தான் ஆசை. ஆனால் தெருவே பயந்து நிற்கிறது. மூன்று வீடு தள்ளி நிறைமாதப் பிள்ளைத்தாச்சி ஒருத்தி இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?

கவிதா எழுந்து வந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முடிச்சில் கை வைத்தாள்.

"என்னாம்மா பண்ற?" என்றார் பெரியவர்.

"அவுக்கறேன் பெரிப்பா."

"தொணைக்குக் கட்டுனதும்மா அது."

"எங்கம்மாவுக்குத் தொண எதுக்கு பெரிப்பா? இந்த ஊருக்குத் தனியாத்தான வந்தாங்க. தனியாத்தான என்ன வளத்தாங்க. அப்பல்லாம் யாரும் தொணைக்கு வரல. இப்ப இந்த வாயில்லா ஜீவன எதுக்குக் கட்டறீங்க? எங்கம்மா தனியாவே போவாங்க."

குரலை உயர்த்தவே இல்லை உன் மகள். மேளம் நின்றுவிட்டது. உன் தலைமாட்டில் நின்றிருந்த எனக்கு அழுகையோடு அழுகையாக அப்படி ஒரு கர்வம் வந்தது. எழுந்து உட்கார்ந்து இதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் படுத்துக்கொள்ளேன் என்று உன்னை உலுக்கத் தோன்றியது.

பெரியவர், "அவுத்தா அவுத்துக்க. ஆனா பாடையில கட்டுனது திரும்ப எந்த வூட்டுக்குப் போவுதோ, சாவு அந்த வூட்டுக்குத்தான் மொதல்ல வரும்," என்றார். கவிதா சேவலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். வேப்பூரில் அவளுக்கு மாடி வீடு. அங்கே எங்கே கொண்டுபோவாள்? என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. உன் மகளாயிற்றே, எங்கே கேட்பாள்? நானாகப் போய்க் கையை நீட்டினேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்தது.

என் வீட்டுக்காரர் என்னோடு முகம் கொடுத்துப் பேச நாளாயிற்று. "எனக்கு சுகரு இருக்குது, பிரஷரு இருக்குது. நீ எமன மடியில கட்டிட்டு வந்துருக்கிற," என்றார். தெருவில் சிலர் நம் முட்டையே வேண்டாம் என்றார்கள். எனக்கும் பயம்தான், உன்னிடம் எதற்குப் பொய்? அவர் இருமினாலும் எனக்குத் திக்கென்றது. பிள்ளைத்தாச்சிப் பெண் எதிரே வந்தால் குனிந்துகொண்டு நடந்தேன். ஒருநாள் முடியாமல், யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று சேவலைப் பிடித்துக் கூடையால் மூடி வைத்துவிட்டுக் கவிதாவுக்குப் போன் போட்டேன். "ஒங்கம்மாவே சேவல் வேணாம்னவதான. குடுத்துரட்டுமா?"

"அம்மாவுக்கு சேவல் மேல என்னா கோவம் அத்த? அது இல்லன்னா ஆவாதுன்னு பேசுனவங்க மேலதான் கோவம். ஒங்களுக்குப் பயமா இருந்தா குடுத்துருங்க. அம்மா ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

இப்படிச் சொன்னால் எவளால் கொடுக்க முடியும்? போய்க் கூடையைத் தூக்கிவிட்டேன். அது உடம்பை உதறிக்கொண்டு, எதுவும் நடக்காதது போலக் குப்பையைக் கிளறப் போனது.

அந்தப் பிள்ளைத்தாச்சிப் பெண் சுகமாகப் பெற்று, குழந்தையோடு வீட்டுக்கு வந்துவிட்டாள். நம் முட்டைதான் வேண்டும் என்று அவள் மாமியாரே கேட்டு வாங்கிப் போகிறாள். என் வீட்டுக்காரர் கம்பை அள்ளி சேவலுக்கு வீசுகிறார்; பார்த்துவிட்டால் "கை தவறிக் கொட்டிடுச்சு" என்கிறார். கருப்பி மறுபடி அடையில் இருக்கிறாள், இந்த முறை நம் வீட்டு முட்டைகளிலேயே. சேவல் இல்லாமலும் இந்தக் கோழிகள் நன்றாகத்தான் இருந்தன, அதை உனக்காக நான் இன்றும் ஒத்துக்கொள்கிறேன். இது தன் பாட்டுக்கு இங்கே இருக்கிறது. தேவைக்கு வைத்ததல்ல.

நேற்று கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள், "ஒங்க வூட்ல இருக்கறது சனிக்கெழம பாடையில கட்டுன சேவலாமே. அவங்க வந்து யாரயாவது கூப்புட்டுக்குவாங்கன்னு பயமா இல்லியாக்கா?"

துடைத்துக்கொண்டிருந்த பியூஸ் கட்டையைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்து, நாலு பேருக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன்.

"உசுரு போற நேரத்துல, ஒரு வேலி தள்ளி இருந்த என்னயே கூப்புடாதவ அவ. செத்தப்புறமா வந்து யாரக் கூப்புடப் போறா?"