சஹனில் மிஞ்சிய சோறு

ஏறாவூர்

அன்பு மகன் றிப்ஷானுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். நானும் வாப்பாவும் தங்கச்சி முப்லிஹாவும் அல்லாஹ்வின் காவலில் சுகம். உன் சுகத்தையும் அப்படியே எழுதிவிடலாம் என்றால் கை வரவில்லை மகன், போன வெள்ளி வீடியோ கோலில் உன் ஒட்டின கன்னத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கேட்டால் "சாப்பிட்டன் உம்மா" என்று சொல்லிக் கோலைக் கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாதுதானே, அதுதான் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிற உன் மாமி மகன் பஹ்மியின் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். ஹோட்டலில் விருந்து முடிந்ததும் தட்டம் தட்டமாகச் சோறும் இறைச்சியும் கறுத்த குப்பைப் பையில் கொட்டுவதுதான் உன் வேலை என்றும், அறைக்கு வந்தால் "சோத்தக் கண்டாலே ஓங்காளிக்குது மச்சான்" என்று சாப்பிடாமல் படுத்துவிடுகிறாய் என்றும் அவன்தான் சொன்னான். அவனோடு சண்டைக்குப் போகாதே.

இங்கேயும் ஒரு சோற்றுக் கதை நடந்தது. நம்முடைய அசனார் காக்காவின் மகளுக்குக் கலியாணம், கூடியிருந்து தின்னுகிற சஹன் தட்டங்களில் போட்ட சோற்றில் பாதி கைபடாமல் கிடந்ததாம். உன் வாப்பாவைத் தெரியும்தானே, ஒரு பருக்கை வீணானாலும் மனுசனுக்கு நெஞ்சு பதறும். பெரிய பேசினில் அள்ளிவந்து நம் சுட்டிப் பசுவுக்கு முன்னால் வைத்தார். இவ்வளவையும் வைக்காதீர்கள் என்றேன், கேட்டாரா? "கடையில விக்கிற மாட்டுத் தீன் கப்பல்ல வாற சோளம், மனுசனே தின்னலாம். அத மாட்டுக்குக் காசி குடுத்து வாங்கிட்டு, இந்தச் சோத்த மண்ணுக்க பொதைக்கச் சொல்றியா" என்று பள்ளியில் பண்ணுகிற மாதிரி எனக்கு ஒரு பயான். விடியும்போது சுட்டி வயிறு ஊதி, அசைபோடாமல், கண் சொருகிக் கிடந்தது. யா அல்லாஹ், வயிற்றில் கன்றும் இருக்கிறதே என்று நான் கத்தின கத்தில் தெருவே கூடிவிட்டது. மாட்டு டொக்டர் வந்து அதற்கு மருந்தும் வாப்பாவுக்கு நல்ல ஏச்சும் கொடுத்தார். ஆக்கின சோறு ஒரேயடியாகப் போனால் மாட்டு வயிற்றில் புளித்துவிடுமாம், வைக்கோலோடு கொஞ்சமாகத்தான் கொடுக்கலாமாம். வாப்பா ஓதப்போன பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், எனக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

சுட்டி கன்றோடு உயிர் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதுக்கு மறுகா ஒன்றும் தின்னவில்லை மகன், எதை வைத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் பக்கத்தில் குந்தியிருந்து, வாவிக்கரையில் அறுத்த புல்லைப் பிடி பிடியாக வாயில் வைத்தேன். அது துப்பும், நான் ஏசிக்கொண்டே திரும்ப வைப்பேன். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு பிடியை மென்று விழுங்கியது. அப்போதுதான் உன் நினைப்பு வந்து அழுதுவிட்டேன். மாட்டுக்கு ஊட்ட என் கை எட்டுகிறது, உன் வாய்க்கு எட்டவில்லையே.

இப்போது வாப்பா கலியாண வீடுகளுக்குப் போய், சஹனில் குறைத்துப் போடுங்கள், கேட்டால் பிறகு போடுங்கள் என்று சொல்லித் திரிகிறார். ஊரில் கஞ்சன் என்று பட்டம். அப்படியும் மிஞ்சுவதைக் கலியாண வீட்டார் எலும்பு, பிளாஸ்டிக் இல்லாமல் எடுத்து, மாடு கோழி வளர்க்கிற வீடுகளுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைக்கிறார்கள்.

மகன், அவ்வளவையும் ஆக்கச் சொன்னவன் நீ இல்லை, கொட்டச் சொன்னவனும் நீ இல்லை. அந்தக் கேள்வியை அவர்களிடம் அல்லாஹ் கேட்டுக்கொள்வான். உனக்கென்று வைத்த சோற்றை நீ தின்னாமல் விட்டால் அதுவும் பையில்தானே போகும்? முடியவே இல்லை என்றால் வந்துவிடு. வேலை போனால் போகட்டும், நீ எனக்கு முழுசாக வேணும். மாசிக் கருவாட்டுச் சம்பல் கொடுத்துவிட்டிருக்கிறேன், பஹ்மிக்கும் கொடு.

அல்லாஹ் உனக்கு நல்ல பசியைத் தரட்டும், அந்தப் பசிக்கு ஹலாலான சோற்றையும் தரட்டும். வருகிற வெள்ளி ஜும்ஆவுக்குப் பிறகு கோல் எடுக்கும்போது சோற்றுப் பீங்கானை முன்னால் வைத்துக்கொண்டு எடு. நீ தின்று முடிக்கும்வரை நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், வல்லாஹி. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன்.

உன் உம்மா,
சித்தி நபீஸா