நார்க்கட்டிலின் குட்டைக் கால்

செப்டம்பர் 24

ஜெரோஷ் போன் செய்தான். சித்தப்பா மகன், ஊரோடு இருப்பவன். தாத்தா வீட்டை வாங்கியவர்கள் நவம்பரில் இடிக்கப் போகிறார்களாம். "சரி" என்றேன். வீட்டில் கொத்தமல்லி இல்லை. கீழே போய் வாங்கி வந்தேன். அழ வேண்டுமோ? வரவில்லை.

செப்டம்பர் 25

இன்றும் வரவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

ஞாயிறு ஆராதனைக்கு இங்கே பூனாக் கோயிலில் தம்பி நீல் இரண்டு பெஞ்சு முன்னால். விமான் நகரிலிருந்து காரில் வருகிறான். நான் ஏரவாடாவிலிருந்து ரிக்‌ஷாவில். அப்பா போன பிறகு, வீட்டில் எங்கள் பங்கை விற்கத் தானே சம்மதம் சொல்லிவிட்டு, அப்புறம்தான் என்னிடம் சொன்னான். உனக்கு எதுக்குக்கா கஷ்டம் என்றுதான் கேட்கவில்லையாம். அன்றோடு பேச்சு நின்றது. அவனுக்குப் பின்னந்தலையில் வழுக்கை விழுகிறது. அப்பாவுக்கு விழுந்த அதே இடம்.

அக்டோபர் 3

ஊரிலிருந்து ஜெபமணி அத்தை கூப்பிட்டாள். வீட்டில் மிஞ்சிய சாமான்களை ஜெரோஷ் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொடுத்துவிட்டான். ஸ்தோத்திரப் பண்டிகை ஏலத்தில் வாழைத்தார், சேவல்களோடு அவையும் போகும். அண்டா, ஏணி, நார்க்கட்டில் —

நார்க்கட்டிலா?

மே மாத லீவுக்குப் போனால் முற்றத்தில் அதில்தான் நானும் நீலும் படுப்போம். என் தலை ஒரு பக்கம், அவன் தலை மறு பக்கம், நடுவில் நாலு காலும் சண்டை போடும். கட்டிலுக்கு ஒரு கால் குட்டை. தாத்தா அதற்கடியில் ஓட்டுச் சில்லு வைப்பார். நீல் அதை உருவிக்கொண்டு ஓடுவான். நான் ஆடிக்கொண்டே கத்துவேன். தாத்தா முகம்கூட இப்போது சரியாக வரவில்லை. அந்த ஆட்டம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

அத்தையை எனக்காக ஏலம் கேட்கச் சொன்னேன். யாருக்கென்று மூச்சு விடக்கூடாது, நீலுக்குத் தெரிந்தால் பெரிய மனுஷன் மாதிரி விட்டுக்கொடுப்பான் என்றேன்.

"நீயாச்சு, ஒந்தம்பியாச்சு" என்றாள்.

அக்டோபர் 13, ஞாயிறு

ஏலம். போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனியில் நின்றேன். அத்தை பெண்கள் பக்கம். ஆண்கள் பக்கமிருந்து ஒருவன் விடாமல் ஏற்றுகிறான். யார் என்றேன்.

"நம்ம ஜெரோஷ்தான்ட்டி. குடுத்ததும் அவனே, கேக்கதும் அவனே."

கொடுத்தவரே ஏலத்தில் எடுப்பது அங்கே வழக்கம்தான். ஏத்துங்க அத்தை, ஏத்துங்க என்றேன். அத்தையும் மருமகனும் மல்லுக்கு நிற்பதைப் பார்த்துப் பந்தலே சிரித்ததாம். கடைசியில் அவன் நிறுத்தினான். கட்டில் எனக்கு.

சந்தோஷமா? தெரியவில்லை. துணி துவைத்தேன்.

அக்டோபர் 14

ஜெரோஷ் போன்.

"யக்கா, அத்தைக்கு இந்த வயசுல நார்க்கட்டில் எதுக்கு? நீல் அண்ணன் எடுத்துத் தரச் சொல்லி போன்லயே இருந்தாவ. அத்தை விடலன்னதும், சரி, அத்தை ஆசப்படுதா, விட்ருன்னுட்டாவ. அக்காகிட்ட சொல்லாதன்னாவ... சொல்லிட்டேன்."

போனை வைத்துவிட்டேன். ரெண்டு பேரும் இதே பூனாவுல. ஆளுக்கொரு போனைப் பிடிச்சிட்டு. லூசுங்க. சிரிப்பு வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை.

அக்டோபர் 16

கட்டிலை அனுப்ப அத்தையிடம் விமான் நகர் விலாசம் கொடுத்தேன். என் வீட்டில் இடமில்லை என்றேன். பொய். ஏன் கொடுத்தேன்? எனக்கே தெரியவில்லை.

அக்டோபர் 29

நீலிடமிருந்து மெசேஜ். ஒரே வார்த்தை.

"ஆடுதுக்கா."

 திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

அக்டோபர் 30

தீபாவளி லீவு. சப்ஜி வாங்கிவிட்டு வரும்போது பங்கார் கடை, நம்மூர் காயலான் கடை, அதன் வாசலில் பழைய ஓடுகள் அடுக்கியிருந்தன. உடைந்த ஓடு ஒன்று வேண்டும் என்று இந்தியில் கேட்டேன். நல்லதாகவே தருகிறேன் என்றான் கடைக்காரன். வேண்டாம், உடைந்ததுதான் வேண்டும் என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கொடுத்தான். வெண்டைக்காய்க்கு மேல் வைத்துக் கொண்டுவந்தேன்.

நவம்பர் 3, ஞாயிறு

கோயில் முடிந்ததும் நீல் காரில் ஏறிக்கொண்டேன். அவனும் ஏன் என்று கேட்கவில்லை.

சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஹால் நடுவில் கட்டிலைப் போட்டிருக்கிறான். கைப்பையிலிருந்து சில்லை எடுத்துக் குட்டைக் காலுக்கடியில் செருகினேன். சரியாக நின்றது.

"வீட்ட ஒன்ட்ட கேக்காம —" என்று ஆரம்பித்தான்.

"மொதல்ல உக்காரு" என்றேன்.

நான் தலைமாட்டில், அவன் கால்மாட்டில். நேற்றே இடிக்கத் தொடங்கிவிட்டார்களாம். ஜெரோஷ் அவனுக்குப் படம் அனுப்பியிருக்கிறான். காட்டட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். 

திடீரென்று கட்டில் ஆடியது. குனிந்து பார்த்தால், சில்லைக் காலால் தள்ளிவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், வழுக்கை விழுந்த ஆள்.

"ஏலேய்!" என்று கத்தினேன். பாதியிலேயே அழுகை வந்துவிட்டது.